ஏபிசிஜி2: யூரிக் அமிலத்தையும் கொலஸ்ட்ரால் மருந்தையும் ஒருங்கே இறைக்கும் புரதம்

2005-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சிங்கப்பூர் ஆய்வில், அங்கு வாழும் சீனர், மலாய்க்காரர், இந்திய வம்சாவளியினர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும் ரோசுவாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து ஒரே அளவில், 40 மில்லிகிராம், ஒரு வேளை மட்டும் கொடுக்கப்பட்டது. பிறகு இடைவெளி விட்டு இரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு செறிவில் எவ்வளவு நேரம் இரத்தத்தில் தங்கியது என்று அளந்தார்கள். வெள்ளையரின் சராசரியோடு ஒப்பிட்டபோது, உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்து சீனரிடம் ஏறத்தாழ 2.3 மடங்காகவும், மலாய்க்காரரிடம் 1.9 மடங்காகவும், இந்திய வம்சாவளியினரிடம் 1.6 மடங்காகவும் இருந்தது. வாழும் ஊர் ஒன்று, விழுங்கிய மாத்திரையும் ஒன்று. ஆனால் இரத்தத்தில் சேர்ந்த மருந்து மட்டும் வேறு வேறு.

இத்தகைய வேறுபாட்டைக் கண்டால் மருந்தியலார் வழக்கமாக முதலில் சந்தேகிப்பது கல்லீரலின் நொதிகளைத்தான். ஒருவர் உடலில் நொதி வேகமாக வேலை செய்தால் மருந்து சீக்கிரம் சிதையும், மெதுவாக வேலை செய்தால் தேங்கும். ரோசுவாஸ்டாடினுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. உட்கொண்டதில் சுமார் 10 விழுக்காடு மட்டுமே வேதிமாற்றம் அடைகிறது. மீதி பெரும்பாலும் உருமாறாமலே மலத்தில் வெளியேறிவிடுகிறது. கல்லீரலுக்குள் இந்த மருந்தை இழுத்துக்கொள்ளும் ஒரு கடத்திப் புரதத்தின் மரபணு வேறுபாடுகளையும் அந்த ஆய்வில் பார்த்தார்கள். அவையும் முழு வேறுபாட்டை விளக்கப் போதவில்லை. சிதைக்கப்படாத ஒரு மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அது எந்தச் செல்லுக்குள் நுழைகிறது, எந்தச் செல்லிலிருந்து வெளியேற்றப்படுகிறது என்பதே. அந்த வெளியேற்றும் வேலையைச் செய்யும் புரதங்களில் ஒன்றான ஏபிசிஜி2 பற்றியே இக்கட்டுரை. மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அதே புரதம், பழுதுபட்டால் தானே ஒரு நோய்க்குக் காரணமாகிறது என்பதும், அந்த நோய்க்கும் அந்த மருந்துக்கும் இடையே நடைமுறையில் கவனிக்கப்படாத ஓர் உறவு இருக்கிறது என்பதும்தான் இதில் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆன இரட்டைப் படலம். கொழுப்பில் கரையும் பல மருந்துகள் அதனூடே தாமாகவே கசிந்து உள்ளே வந்துவிடும். ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை ஓயாமல் இறைத்துக் கொட்டுவதுபோல, அப்படி வந்த மூலக்கூறுகளைப் பிடித்து மீண்டும் வெளியே தள்ளும் பம்புகள் சவ்வில் பதிந்திருக்கின்றன. ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறை உடைத்து அந்த ஆற்றலில் இயங்கும் இத்தகைய பம்புகளின் பெருங்குடும்பத்துக்கு ஏபிசி கடத்திகள் என்று பெயர். ஏபிசிஜி2 அக்குடும்பத்தைச் சேர்ந்தது; 655 அமினோ அமிலங்களால் ஆனது. தனியாக நின்றால் அது அரைப் பம்புதான். இரண்டு மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்தால்தான் வேலை நடக்கும். 2017-இல் சூரிச்சில் உள்ள இடிஎச் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் இதன் வடிவத்தை வெளியிட்டது. ஜோடி சேர்ந்த இரு பாதிகளுக்கும் நடுவே, செல்லின் உட்புறம் நோக்கித் திறந்த ஒரு குழிவு தெரிந்தது. மருந்து அங்கே வந்து அமர்கிறது. ஏடிபி பிணைந்ததும் உட்புறம் மூடிக்கொள்கிறது. மூலக்கூறு மறுபுறமாக வெளியே தள்ளப்படுகிறது.

இந்தப் புரதம் உடலில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தாலே இதன் பணி விளங்கிவிடும். சிறுகுடலின் உள்வரிச் செல்களில், குடலின் உட்பகுதியைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. உணவோடு வரும் வேண்டாத பொருளை மறுபடி குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. கல்லீரல் செல்களில் பித்தநீர் ஓடும் பக்கத்தில் இருக்கிறது. சிறுநீரகத்தில் இருக்கிறது. மூளையின் நுண் இரத்தக்குழாய்ச் சுவரில் இருந்துகொண்டு, இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முயல்வதைத் திருப்பி அனுப்புகிறது. நஞ்சுக்கொடியில் மிகுதியாக இருந்து கருவைக் காக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இவற்றில் எதையும் தேடிப் போகவில்லை. அவர்கள் தேடியது புற்றுநோய் மருந்துகள் தோற்பதன் காரணத்தை. பி-கிளைக்கோபுரதம் என்ற மற்றொரு ஏபிசி பம்பு, மருந்தை வெளியே இறைத்துப் புற்றுச்செல்களைக் காப்பாற்றுகிறது என்பது 1970-களிலிருந்தே தெரிந்திருந்தது. வெராபமில் என்ற இதய மருந்து அந்தப் பம்பைத் தடுக்கும் என்பதும் தெரியும். ஆகவே மார்பகப் புற்றுச்செல்களை டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தோடு வெராபமிலையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பி-கிளைக்கோபுரதம் முடக்கப்பட்ட நிலையிலும் சில செல்கள் பிழைத்துப் பெருகின. அவற்றில் மிகுதியாக உற்பத்தியாகிக் கொண்டிருந்த புதிய புரதத்தை மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாய்ல், ராஸ் குழுவினர் 1998-இல் இனங்கண்டு, மார்பகப் புற்று எதிர்ப்புப் புரதம் என்று பெயரிட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு குழு நஞ்சுக்கொடியிலும், இன்னொரு குழு மைட்டோசான்ட்ரோன் என்ற மருந்துக்கு அசையாத செல்களிலும் இதே புரதத்தைக் கண்டன. மூன்று பெயர்களில் உலவிய பிறகே ஏபிசிஜி2 என்ற பொதுப்பெயர் நிலைத்தது.

அந்த முதல் கண்டுபிடிப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. டாக்சோரூபிசினுக்கு நடுவே நீண்ட நாள் வளர்ந்த அந்தச் செல்களில் ஏபிசிஜி2 புரதத்தின் 482-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போயிருந்தது. அந்த மாற்றம் இருந்தால்தான் இது டாக்சோரூபிசினைத் திறம்பட வெளியேற்றும். நம் உடலில் உள்ள இயல்பான புரதம் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆய்வகச் செல்களை வைத்து எழுதப்பட்ட தொடக்கக்காலக் கடத்துபொருள் பட்டியல்களை இதனால் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஒரே ஓர் அமினோ அமிலத்தால் ஒரு பம்பின் ரசனையே மாறும் என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இயல்பான உடலில் இதன் வேலை என்ன என்பதைத் தெளிவாகக் காட்டியவை ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தின் சுண்டெலிகள். இந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. இனப்பெருக்கமும் நன்றாக நடந்தது. ஆனால் சிலவற்றின் காது போன்ற, வெளிச்சம் நேரே படும் தோல் பகுதிகளில் கடும் புண்கள் தோன்றின. சில இறந்தும் போயின. காரணம் தீவனத்தில் இருந்தது. அதில் கலந்திருந்த ஆல்ஃபால்ஃபா என்ற குதிரைமசாலில் உள்ள பச்சையம் சிதையும்போது ஃபியோஃபார்பைடு-ஏ என்ற பொருள் உண்டாகிறது. ஒளி பட்டால் அது நச்சாகும். இயல்பான சுண்டெலியின் குடல் அதை உள்ளே விடுவதில்லை. ஏபிசிஜி2 இல்லாத சுண்டெலியின் உடலுக்குள் அது தாராளமாகப் புகுந்து, இரத்தத்தோடு தோலுக்குச் சென்று, ஒளி பட்டதும் திசுவைச் சுட்டுவிட்டது. மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் அந்தப் பொருளுக்கு ஏறத்தாழ நூறு மடங்கு கூடுதலாகப் பாதிக்கப்பட்டதாக 2002-இல் வெளிவந்த அந்த ஆய்வு கூறியது. கீரையும் புல்லும் தின்று வாழும் உயிர்கள் தாவர நஞ்சுகளிலிருந்து தப்பிக்க வைத்திருக்கும் பழைய ஏற்பாடு இது. நாம் விழுங்கும் மாத்திரைகளையும் அது அதே கண்ணோடுதான் பார்க்கிறது.

இனி மனிதரிடம் பரவலாக உள்ள ஒரு மாற்றத்துக்கு வருவோம். ஏபிசிஜி2 மரபணுவின் 421-ஆம் எழுத்து சிலரிடம் சி-க்குப் பதில் ஏ-வாக இருக்கிறது. அதன் விளைவாகப் புரதத்தின் 141-ஆம் இடத்தில் குளூட்டமின் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் வந்து அமர்கிறது. ஆய்வாளர்கள் இதைக் கியூ141கே என்று குறிப்பிடுவார்கள். இம்மாற்றம் மருந்து அமரும் குழிவில் இல்லை; ஏடிபி பிணையும் பகுதியில் இருக்கிறது. புரதம் சரியாக மடிந்து உருப்பெறுவதை அது தடுமாறச் செய்கிறது. தவறாக மடிந்த புரதத்தைச் செல்லின் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு அடையாளம் கண்டு அழித்துவிடுவதால், சவ்வைச் சென்றடையும் பம்புகளின் எண்ணிக்கை குறைகிறது. பம்பு அறவே இல்லாமல் போவதில்லை. இறைக்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது.

ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. கிழக்கு ஆசிய மக்களில் அந்தப் பிரதிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு இம்மாற்றத்தைச் சுமக்கின்றன. ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் அது சுமார் 10 விழுக்காடு. ஆப்பிரிக்க மக்களிடம் மிகக் குறைவு. தெற்காசியக் கணக்கை ஆள் கணக்காக மாற்றினால், ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் குறைந்தது ஒரு பிரதியையாவது வைத்திருப்பார்கள். நூற்றில் ஒருவரிடம் இரண்டு பிரதிகளும் மாறியிருக்கும். அரிய நோய் என்று ஒதுக்கிவைக்கக்கூடிய எண்ணிக்கை இதுவல்ல. ஜப்பானியரிடம் மட்டும் ஓரளவு காணப்படும் இன்னொரு மாற்றம் இதைவிடக் கடுமையானது: 126-ஆம் இடத்திலேயே புரத உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. இரண்டு பிரதிகளும் அப்படி முடங்கியவர்களின் சிவப்பணுக்களில் ஏபிசிஜி2 அறவே இராது. ஜூனியர் இரத்த வகை என்று இரத்த வங்கியினர் நெடுங்காலமாக அறிந்திருந்த அரிய வகையின் காரணம் இதுதான் என்பது 2012-இல் தெளிவாயிற்று. அவர்கள் பொதுவாக நலமாகவே வாழ்கிறார்கள். இரத்தம் ஏற்றும்போதும் சில கர்ப்பங்களிலும்தான் சிக்கல் வரக்கூடும்.

கியூ141கே மாற்றம் முதலில் ஒரு மருந்துப் பிரச்சினையாகத்தான் பார்க்கப்பட்டது. அதை ஒரு நோயோடு இணைத்தது யூரிக் அமிலம். நம் செல்களின் மரபணுப் பொருள் சிதையும்போதும், இறைச்சி, மீன் போன்ற உணவுகளிலிருந்தும் யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதை மேலும் சிதைக்கும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு; மனிதனும் பெருங்குரங்குகளும் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே அதை இழந்துவிட்டன. ஆகவே நமக்கு அதை வெளியேற்றுவது ஒன்றே வழி. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரிக் அமில உப்பு கரைந்திருக்க முடியாமல் ஊசி போன்ற படிகங்களாகத் திரண்டு மூட்டுகளில் படியத் தொடங்கும். நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் தாங்க முடியாமல் துடிக்கவைக்கும் அந்த வலிக்குக் கவுட் என்று பெயர்.

கவுட் வருவோரை உணவுக்கட்டுப்பாடு இல்லாதவர்கள், குடிப்பவர்கள் என்று குறை சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. உணவுக்கும் மதுவுக்கும் இதில் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் 2008-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களை முழுதாக அலசிய ஓர் ஆய்வு, யூரிக் அமில அளவோடு வலுவாகத் தொடர்புடைய இடங்களில் ஒன்று ஏபிசிஜி2 என்று காட்டியது. அடுத்த ஆண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தவளை முட்டைச் செல்களில் இந்தப் புரதத்தை உருவாக்கி, அது யூரிக் அமிலத்தை வெளியே கடத்துவதை நேரடியாக அளந்தார்கள். கியூ141கே வடிவம் இயல்பானதைவிட 53 விழுக்காடு குறைவாகவே கடத்தியது. வெள்ளையரிடம் ஏற்படும் கவுட் நோய்களில் பத்தில் ஒரு பங்காவது இந்த ஒரே மாற்றத்தால் விளைவது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கும் ஒரு பொதுநோயில், ஒற்றை எழுத்துக்கு இவ்வளவு பெரிய பங்கு காண்பது அபூர்வம். அதே ஆண்டில் ஜப்பானிலும் இதே முடிவு கிடைத்தது. இளம் வயதிலேயே கவுட் தொடங்குவோரில் இந்தப் புரதத்தின் பழுது மிகுந்திருப்பதும் அங்கே பின்னர் நிறுவப்பட்டது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் காட்டிய இன்னொரு முடிவு, மருத்துவப் பாடநூல் வகைப்பாட்டையே கேள்விக்குள்ளாக்கியது. யூரிக் அமிலம் மிகுந்த நோயாளிகளை, சிறுநீரில் அது குறைவாக வெளியேறினால் வெளியேற்றக் குறைபாடு என்றும், மிகுதியாக வெளியேறினால் உடலே மிகுதியாக உற்பத்தி செய்கிறது என்றும் பிரிப்பது வழக்கம். ஆனால் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாக அல்லாமல் குடல் வழியாகவே வெளியேறுகிறது. ஏபிசிஜி2 பழுதானால் முதலில் அடைபடுவது அந்தக் குடல் வழிதான். அங்கே போக வேண்டியது இரத்தத்தில் தேங்கிச் சிறுநீரகத்தின் பக்கம் திரும்புகிறது. சிறுநீரில் யூரிக் அமிலம் கூடுகிறது. மருத்துவரோ அதைப் பார்த்து மிகை உற்பத்தி என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்த நோயாளி கூடுதலாக எதையும் உற்பத்தி செய்யவில்லை. மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் இதே காட்சிதான்: குடல் வழி வெளியேற்றம் குறைந்தது, சிறுநீர் வழி வெளியேற்றம் கூடியது, இரத்தத்தில் அளவும் உயர்ந்தது. உணவைக் கட்டுப்படுத்தியும் எண் இறங்கவில்லை என்று மனம் சோரும் நோயாளிக்கு இந்த விளக்கம் கட்டாயம் சொல்லப்பட வேண்டும் என்பது என் கருத்து. அவர் பத்தியத்தை மீறுகிறார் என்ற சந்தேகத்தோடு தொடங்கும் உரையாடல் எங்கும் போய்ச் சேராது.

இப்போது ரோசுவாஸ்டாடினுக்குத் திரும்பலாம். குடலும் கல்லீரலும் யூரிக் அமிலத்தை இறைக்கும் அதே பம்பைக் கொண்டுதான் இந்த மருந்தையும் இறைக்கின்றன. 2009-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமான ஃபின்லாந்துத் தன்னார்வலர்களை மரபணு வாரியாகப் பிரித்து இம்மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு பிரதிகளும் மாறியிருந்தோரின் உடலுக்குக் கிடைத்த மொத்த மருந்து, மாற்றமில்லாதவர்களைப்போல் 2.4 மடங்கு இருந்தது. ரோசுவாஸ்டாடினைப் போலவே ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாடினிலும் ஏற்றம் உண்டு. ஆனால் அது 1.7 மடங்கோடு நின்றது. இந்த ஏற்றத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மருந்து மிகுந்தால் தசைவலியும், அரிதாகத் தசைச் சிதைவும் வரும் வாய்ப்பு கூடும். மறுபுறம், கல்லீரலிலிருந்து பித்தநீருக்கு மருந்து வெளியேறுவதும் குறைவதால், மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது. ஹாங்காங்கில் சீன நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு பிரதிகளும் மாறியோரிடம் கெட்ட கொலஸ்ட்ரால் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இறங்கியது. ஸ்டாடின் மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் பலனுக்கு இது சமம். அப்படிப்பட்டவருக்கு 20 மில்லிகிராமுக்குப் பதில் 10 மில்லிகிராம் எழுதினாலே போதிய பலன் கிடைக்கக்கூடும்.

அமெரிக்க மருந்துக் குறிப்பேடு ஆசிய நோயாளிகளுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது. ஐரோப்பியக் குறிப்பேடு 40 மில்லிகிராமை ஆசியருக்குக் கொடுக்கவே கூடாது என்கிறது. எச்சரிக்கை நல்லதுதான். எனினும் ஆசியர் என்ற அந்தச் சொல் எதை அளக்கிறது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். கியூ141கே மாற்றம் கிழக்கு ஆசியரிடம் மூன்று மடங்கு மிகுதி. தெற்காசியரிடமோ ஐரோப்பியரிடம் உள்ள அதே அளவுதான். ஆகவே சிங்கப்பூர் இந்தியரிடம் கண்ட 1.6 மடங்கு ஏற்றத்தை இந்த ஒரு மாற்றத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது. பிற கடத்திகளுக்கும் உடல்வாகு, உணவு போன்றவற்றுக்கும் அதில் பங்கிருக்க வேண்டும். இரண்டு பிரதிகளும் மாறிய ஃபின்லாந்துக்காரர் ஒருவருக்குக் குறிப்பேட்டில் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. மாற்றமே இல்லாத ஜப்பானியருக்கு அது கிடைக்கும். இனப்பெயர் என்பது மரபணுவுக்கு ஒரு தோராயமான பதிலி மட்டுமே. மரபணுவுக்கேற்ப மருந்தைப் பரிந்துரைக்கும் வழிமுறைகளை வகுக்கும் சிபிஐசி கூட்டமைப்பு 2022-இல் வெளியிட்ட ஸ்டாடின் வழிகாட்டுதல் இனத்தை விட்டுவிட்டு மரபணுவைப் பேசுகிறது: ஏபிசிஜி2-இன் இரண்டு பிரதிகளும் திறன் குன்றியவருக்கு ரோசுவாஸ்டாடினை 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் தொடங்க வேண்டும் என்கிறது. அளவு குறித்த எந்த முடிவையும் நோயாளி தானாக எடுக்காமல் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நின்றுபோன ஸ்டாடினால் வரும் மாரடைப்பு, தசைவலியைவிடப் பெரிய கேடு.

நோயும் மருந்தும் சந்திக்கும் புள்ளி இங்கேதான் வருகிறது. கவுட் உள்ளவருக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்ட்ரால் ஆகியவையும் சேர்ந்தே இருப்பது மிக இயல்பு. ஆகவே அவருடைய மருந்துச் சீட்டில் யூரிக் அமிலத்துக்கு ஃபெபுக்ஸோஸ்டாட்டும், கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாடினும் ஒன்றாக இடம்பெறுவது வியப்பல்ல. ஃபெபுக்ஸோஸ்டாட் யூரிக் அமிலத்தை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து. ஆனால் அது ஏபிசிஜி2 பம்பையும் தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். 2020-இல் ஹெல்சிங்கியில் நலமான தன்னார்வலர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த மொத்த ரோசுவாஸ்டாடின் ஏறத்தாழ 1.9 மடங்கானது. கவுட் நோயாளிகளிடையே கியூ141கே மாற்றம் பொதுமக்களிடம் உள்ளதைவிட மிகுதி என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். பிறவியிலேயே பாதிப் பம்போடு வந்தவருக்கு, மீதிப் பாதியையும் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, அந்தப் பம்பையே நம்பியிருக்கும் மூன்றாவது பொருளையும் கொடுக்கிறோம். மூட்டுக்கு ஒரு மருத்துவரும் இதயத்துக்கு ஒரு மருத்துவருமாகத் தனித்தனியே பார்க்கும்போது இந்தக் கூட்டல் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. இது ஆபத்தான சேர்க்கை என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இரண்டும் எழுதப்பட்டவருக்கு ரோசுவாஸ்டாடினைக் குறைந்த அளவில் தொடங்குவதும், தசைவலி குறித்துக் கேட்பதும் எளிதான முன்னெச்சரிக்கைகள்.

அலோபியூரினால் என்ற பழைய கவுட் மருந்திலும் இதே மரபணு தலையிடுகிறது. கியூ141கே உள்ளவர்களிடம் அம்மருந்தால் யூரிக் அமிலம் இறங்குவது குறைவு என்று 2015-இல் கலிபோர்னியாவில் வெளிவந்த மரபணு ஆய்வும், பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும் காட்டின. ஒரே எழுத்து மாற்றம் ஒருவரிடம் ரோசுவாஸ்டாடினின் பலனைக் கூட்டி, அலோபியூரினாலின் பலனைக் குறைக்கிறது. அந்த மரபணு நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த மருந்துக்கு என்று கேட்க வேண்டும்.

நம் சமையலறையோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கும் பெருங்குடல் அழற்சிக்கும் கொடுக்கப்படும் சல்ஃபாசலாசின், குடலிலேயே ஏபிசிஜி2-ஆல் பெருமளவு திருப்பி அனுப்பப்படும் மருந்து. மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அதன் மொத்த அளவு நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. மஞ்சளில் உள்ள குர்குமின் இந்தப் பம்பைத் தடுக்கும். ஜப்பானில் தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு சல்ஃபாசலாசினைக் கொடுத்தபோது, வழக்கமான மருந்தளவில் இரத்தத்தில் கிடைத்தது 3 மடங்குக்கு மேல் கூடியதாக 2012-இல் பதிவானது. குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளுக்கு இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சில விழுக்காடுதான், 2 கிராம் சேர ஐம்பது கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டியிருக்கும். கவலைக்குரியது செறிவூட்டப்பட்ட குர்குமின் மாத்திரைகள். மூட்டுவலிக்கென்று அவற்றை வாங்குவோரில் பலர் ஏற்கெனவே மூட்டுநோய் மருந்து எடுப்பவர்கள். இயற்கைப் பொருள்தானே என்று மருத்துவரிடம் சொல்லாமலும் இருந்துவிடுகிறார்கள். மருந்துச் சீட்டோடு இத்தகைய மாத்திரைகளின் பெயரையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

புற்றுநோய்ச் சிகிச்சையில்தான் இந்தப் புரதத்தின் மீது முதலில் பெரும் நம்பிக்கை வைக்கப்பட்டது. அங்கேதான் கைக்கு எட்டியது குறைவு. பம்பைத் தடுத்தால் மருந்து புற்றுச்செல்லுக்குள் தங்கும் என்ற எண்ணம் எளிமையானது. எலாக்ரிடார் என்ற தடுப்பானைச் சேர்த்துக் கொடுத்தபோது, வாய்வழி கொடுக்கப்பட்ட டோபோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்து இரத்தத்தை அடையும் விழுக்காடு 40-லிருந்து 97-ஆக உயர்ந்தது. ஆனால் தடுப்பான் கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. குடல், கல்லீரல், மூளைச்சுவர், எலும்புமச்சையின் மூலச்செல்கள் என எல்லா இடத்துப் பம்பையும் அது ஒருங்கே நிறுத்துவதால், கட்டிக்கு எதிரான பலனோடு பக்கவிளைவும் சேர்ந்தே ஏறுகிறது. கட்டிகளும் ஒரே பம்பை நம்பி இருப்பதில்லை.

தாய்ப்பால் விஷயத்திலும் ஒரு முரண் உண்டு. நஞ்சுக்கொடியில் கருவைக் காக்கும் இதே புரதம், பால் சுரக்கும் காலத்தில் மார்பகச் செல்களில் பெருகி, சில மருந்துகளைப் பாலுக்குள் கொண்டுபோய்ச் செறிவாக்குகிறது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரான்டாயின் அவற்றுள் ஒன்று. நஞ்சை வெளியேற்றவென்று அமைந்த பம்பு ஏன் குழந்தையின் உணவுக்குள் அதை இறைக்க வேண்டும்? பி2 வைட்டமினான ரிபோஃபிளேவினைப் பாலுக்குக் கொண்டு செல்வதும் இதுவே என்று சுண்டெலி ஆய்வுகள் காட்டிய பிறகுதான் அந்த ஏற்பாட்டின் பயன் புரிந்தது. மருந்துகள் அந்த வழியில் கூடவே ஏறிவிடுகின்றன.

கியூ141கே பழுதைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியும் ஆராயப்படுகிறது. இம்மாற்றத்தில் புரதம் கெட்டுப்போகவில்லை, மடிவதில்தான் தடுமாறுகிறது என்பதால், மடிவதற்குத் துணைநிற்கும் சிறு மூலக்கூறுகள் அதை மீண்டும் சவ்வுக்கு அனுப்பக்கூடும். 4-ஃபீனைல்பியூட்டிரேட் என்ற பொருளைச் செல்களுக்குக் கொடுத்தபோது கியூ141கே வடிவம் சவ்வில் கூடுதலாகத் தோன்றி யூரிக் அமிலத்தையும் கூடுதலாகக் கடத்தியது என்று 2013-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் இதே வகைக் கோளாறைத் திருத்தும் மாத்திரைகள் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டதால், கவுட்டுக்கும் இந்த அணுகுமுறை வீண்கனவு அல்ல. அப்படி ஒரு மருந்து வருமானால், குடல் வழியாக யூரிக் அமிலம் இறங்கத் தொடங்கும் அதே வாரத்தில் குடல் ரோசுவாஸ்டாடினையும் கூடுதலாகத் திருப்பி அனுப்பத் தொடங்கும். அதுவரை 5 அல்லது 10 மில்லிகிராமில் கட்டுக்குள் இருந்த அந்த நோயாளியின் கொலஸ்ட்ராலை மறுபடி அளந்து, மாத்திரையின் அளவைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.